கோடாங்கியைப் பற்றி எழுதினேன், தலைக்கட்டு வரியை வாங்க மறுக்கிறார்கள்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை, வழக்கறிஞரான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 41. அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை. ஒரே மகனுக்கு 7 வயதில் வலிப்பு வந்தது. மாமியாரும் கணவரின் பெரியப்பாவும் குலதெய்வக் கோயிலில் குறி சொல்லும் கோடாங்கியிடம் கூட்டிப் போனார்கள். ஏதோ பிடித்திருக்கிறது என்று குறி வந்தது. ஒன்றரை வருடம் தாயத்து, மந்திரித்த கயிறு, வேப்பிலை அடி. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை முதுகில் சூடு போட்டார்கள். “அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்” என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் வலிப்பு வந்தது. யாரிடமும் சொல்லாமல் பையனை மதுரைக்குக் கூட்டிப் போய் நரம்பியல் மருத்துவரிடம் காட்டினார். ஈஈஜி (மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். இப்போது பையனுக்கு 13 வயது. மூன்று வருடமாக வலிப்பு இல்லை.

இந்த வருடம் மாசி சிவராத்திரிக்கு முன்னால் நடந்த பங்காளிகள் கூட்டத்தில், இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, கோடாங்கியிடம் கேட்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. இவர் எழுந்து, “எனக்கு இனிமேல் குறியில் நம்பிக்கை இல்லை, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்” என்றார். கூட்டம் சலசலத்தது. அன்று இரவே முகநூலில் முழுக் கதையையும் எழுதிவிட்டார்: கோடாங்கியின் பெயர், ஊர், மகனின் முதுகுத் தழும்புப் படம், முடிவில் ‘சாமி பெயரைச் சொல்லிப் பிழைக்கும் கூட்டம்’ என்று ஒரு வரி. பலர் பகிர்ந்தார்கள். மறுவாரம் இவர்கள் கொடுத்த தலைக்கட்டு வரியை (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கொடுப்பது) வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணவர் பேசுவதில்லை. மத உணர்வைப் புண்படுத்தியதாகப் போலீஸில் புகார் கொடுப்போம் என்று ஒரு உறவினர் மிரட்டுகிறார்.

இதற்கு நடுவே பள்ளியில் ஒரு சம்பவம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வகுப்பிலேயே வலிப்பு வந்தது. சக ஆசிரியர் ஒருவர் சாவிக்கொத்தைத் தேடி ஓடினார். இவர் பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு, அந்தப் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்க விடாமல், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிடத்தில் நின்றது. அப்புறம் மிரண்டுபோயிருந்த வகுப்பிடம், “இது மூளையில் வருகிற கோளாறு, பேய் இல்லை, மந்திரித்தால் போகாது, மாத்திரைக்குக் கட்டுப்படும். என் பையனுக்கும் இருந்தது” என்றிருக்கிறார். ஒரு பெற்றோர் இதைத் தலைமை ஆசிரியரிடம் புகாராகச் சொல்ல, அவர் விளக்கம் எழுதிக் கொடுங்கள் என்று வாய்மொழியாகக் கேட்டிருக்கிறார்.

கைது செய்வார்களா, வேலை போகுமா, குடும்பத்தை ஒதுக்கி வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா, பதிவை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாமா: இவை அவருடைய கேள்விகள். கடைசியில் ஒன்று கேட்கிறார்: “நான் அனுபவித்ததைத்தானே சொன்னேன், இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். நீங்கள் விவரித்த அளவில், நாளைக் காலையில் போலீஸ் வந்து கூட்டிப்போகும் விஷயம் இது இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கவலைப்படும் இடம் ஒன்று, நான் கவலைப்படும் இடம் வேறொன்று. இரண்டையும் சொல்கிறேன்.

கைது பற்றி

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. நம்புவதற்கு உள்ள உரிமையோடு, ஒன்றை நம்பாமல் இருக்கவும் அதில் இடமுண்டு. அதை வெளியே சொல்ல 19(1)(அ) இருக்கிறது. “அப்படியென்றால் யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது” என்று நீங்கள் எழுதியிருப்பது மட்டும் சரியில்லை. அதே 19ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பொது ஒழுங்கு, அவதூறு போன்றவற்றுக்காகக் கட்டுப்பாடு விதிக்க இடம் கொடுக்கிறது.

உறவினர் மிரட்டுவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு. தண்டனை மூன்று ஆண்டு வரை போகலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம் என்பதால் பெயரைக் கேட்டாலே நடுங்குவார்கள். ஆனால் அந்தப் பிரிவின் உயிரே ‘வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்’ என்ற சொற்களில்தான் இருக்கிறது. யோசிக்காமலோ கவனக்குறைவாகவோ வந்துவிழும் பேச்சு இதில் சேராது என்று 1957-லேயே ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குறியை நம்பி மகன் பட்ட பாட்டைச் சொல்லி, இன்னொரு குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்ற தாயிடம் தீய நோக்கத்தைக் காட்டுவது லேசில்லை. நடிகை குஷ்பு ஒரு பேட்டியில் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாட்டில் அடுக்கடுக்காக வழக்குகள் போட்டார்களே, நினைவிருக்கும். 23 புகார்களையும் 2010-ல் உச்ச நீதிமன்றம் மொத்தமாக ரத்து செய்தது. பலருக்குப் பிடிக்காத கருத்து என்பதாலேயே அது குற்றமாகிவிடாது.

நடைமுறையிலும் சில தடுப்புகள் உண்டு. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்திப் பார்த்துவிட்டு எஃப்ஐஆர் போடலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3) சொல்கிறது. பேச்சு, எழுத்து தொடர்பான புகார்களில் சாதாரணமாக இந்த வழியில்தான் போக வேண்டும் என்று 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. எஃப்ஐஆரே போட்டாலும், 299-ன் கீழ் வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதி வேண்டும். ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் எழுத்தில் சம்மன் கேளுங்கள், வழக்கறிஞரோடு போங்கள், ஸ்டேஷனில் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

அந்த ஒரு வரியும், அந்தப் பெயரும்

நான் கவலைப்படும் இடம் இங்கே தொடங்குகிறது. உங்கள் பதிவில் ஏறத்தாழ எல்லாமே ‘எனக்கு இப்படி நடந்தது’ என்ற பேச்சு. கடைசி வரி மட்டும் வேறு: ‘சாமி பெயரைச் சொல்லிப் பிழைக்கும் கூட்டம்.’ அதுவரை நீங்கள் சாட்சி, அந்த வரியில் நீதிபதியாகிவிட்டீர்கள். பங்காளிகள் பிடித்துக்கொண்டதும் அந்த வரியைத்தான் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. கோயிலுக்கு வரி கொடுக்கும் ஒவ்வொருவரும் தன்னைத்தான் சொன்னதாக எடுத்துக்கொள்ள அதில் இடம் இருக்கிறது.

பெயரைப் போட்டது தனிச் சிக்கல். கோடாங்கி அவதூறு வழக்குப் போட்டால், அது உண்மை என்று மட்டும் சொல்லிக் கிரிமினல் நீதிமன்றத்தில் தப்ப முடியாது. உண்மை, அதோடு பொதுநலனுக்காகச் சொன்னது என்ற இரண்டையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். உங்களால் நிரூபிக்க முடியும் என்றே நினைக்கிறேன், ஆனால் அதற்குச் சில வருடங்கள் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும். அவர் பெயர் இல்லாமலும் உங்கள் கதையில் ஒன்றும் குறைந்திருக்காது.

மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டத்தில் அவரை உள்ளே தள்ள முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மகாராஷ்டிரத்தில் 2013-லும் கர்நாடகத்தில் 2017-லும் அப்படிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் இல்லை. நமக்கு இருப்பது 1954-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரம் பற்றியது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் வலிப்பும் இருக்கிறது. நோட்டீஸ் அடித்தாலும் மைக்கில் சொன்னாலும் விளம்பரம்தான். அவர் அப்படிச் செய்கிறார் என்றால் படத்தோடு புகார் கொடுக்கலாம்.

சூடு போட்டது சந்தேகமே இல்லாமல் குற்றம். சூடான பொருளால் காயம் ஏற்படுத்துவது பழைய தண்டனைச் சட்டத்தின் 324, கூடவே சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு. இரண்டிலும் பொதுவாக மூன்று ஆண்டு வரை தண்டனை என்பதால் வழக்கை மூன்று ஆண்டுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தக் கெடு தாண்டிவிட்டது. தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் தாமதத்தை மன்னிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 75ஆம் பிரிவு குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரைப் பற்றியது. ‘கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்’ என்று முகநூலிலும் நீங்களே ஊரறிய எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஒரு வழக்கறிஞராக, புகார் கொடுப்பதற்கு முன்னால் அந்த வரி எங்கே போய் நிற்கும் என்று யோசிக்கவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் மகனிடம் கேட்டீர்களா?

கடிதத்தில் இரண்டு முறை தேடினேன், இதற்குப் பதில் இல்லை. பையனுக்கு 13 வயது. அவன் வகுப்பில் எத்தனை பேர் வீட்டில் முகநூல் பார்க்கிறார்கள்? தழும்பு அவன் முதுகில் இருக்கிறது, வலிப்பு அவனுக்கு வந்தது. உங்களுக்கு அது நம்பிக்கை உடைந்த கதை. அவனுக்கு அது என்ன என்று அவன் இன்னும் சொல்லவில்லை.

படத்தை இன்றே எடுத்துவிடுங்கள். பயந்து எடுத்ததாக யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். நாளைக்கு இது விசாரணை, வழக்கு என்று போனால், பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதையே சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. எடுப்பதற்கு முன் பதிவு, பின்னூட்டங்கள், மிரட்டல் செய்திகள் எல்லாவற்றையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம், கோடாங்கியின் பெயர், ஊர், அந்தக் கடைசி வரி நான்கையும் நீக்கிவிட்டு மிச்சத்தை விட்டுவைப்பதா என்பதை மகனோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அவன் வேண்டாம் என்றால் முழுவதையும் எடுத்துவிடுவதுதான் முறை. அதற்காக மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. ‘யாருடைய வழிபாட்டையும் குறை சொல்வது என் நோக்கமல்ல, என் மகனுக்கு நடந்ததைச் சொன்னேன்’ என்ற ஒரு விளக்கம் போதும்.

நாளைக்கு இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று மாமியார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய சட்டமே இருந்தது தெரியுமா? அடிக்கடி வலிப்பு வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியில்லை என்பதுபோல இந்து திருமணச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. 1999-ல் திருத்தம் கொண்டுவந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். இதை மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

பள்ளி விஷயம்

இதில் உங்கள் நிலை பலமானது. வகுப்பில் நீங்கள் சாமி இல்லை என்று சொல்லவில்லை. கண் முன்னால் ஒரு பிள்ளை விழுந்து துடித்தபோது, அது என்ன என்று அறிவியலைச் சொன்னீர்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ(எச்) சொல்கிறது, 1976-ல் சேர்த்தது. 2024-ல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் ஒரு பேச்சாளர், மாற்றுத்திறனாளிகளாகப் பிறப்பது முற்பிறவிப் பாவம் என்கிற மாதிரி பேசியபோது, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எதிர்த்துக் கேட்டார். அந்த விவகாரத்தில் கைதானது பேச்சாளர்தான்.

வாய்மொழியாகக் கேட்டதற்கு எழுத்தில் பதில் கொடுக்காதீர்கள். “மெமோவாகக் கொடுங்கள் சார், பதில் எழுதித் தருகிறேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். மெமோ வந்தால் அதிலுள்ள கெடுவுக்குள் அரைப் பக்கம் எழுதுங்கள்: தேதி, பாடவேளை, என்ன நடந்தது, என்ன முதலுதவி செய்தீர்கள், வகுப்பில் சொன்ன வாக்கியங்கள் அப்படியே. குலதெய்வம், கோடாங்கி, முகநூல் எதுவும் அதில் வேண்டாம். அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் உள்ள 17ஏ, 17பி என்று யாராவது பயமுறுத்துவார்கள். 17ஏ-யில் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகள்தான். வேலை போகிற அளவுக்குப் போக 17பி-யின் கீழ் முறையான விசாரணை வேண்டும். நீங்கள் சொன்னதை வைத்து அதுவரை போக முகாந்திரம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் அரசு ஊழியர், நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். பதிவில் பள்ளியின் பெயரோ உங்கள் பதவியோ இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

வரி

நம்பிக்கை போய்விட்டது, ஆனாலும் வரியைத் திருப்பி அனுப்பியபோது அழுதேன், இது முரண்பாடில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. உங்களுக்குக் கோபம் குறி மேல். சாமி மேலோ, பொங்கல் வைக்கக் கூடும் சொந்தங்கள் மேலோ கோபம் இருப்பதாகக் கடிதத்தில் எங்கும் தெரியவில்லை. சட்டத்திலும், நம்பிக்கை குறைந்ததால் ஒருவர் இந்து இல்லாமல் போவதில்லை. சொத்துரிமையும் வாரிசுரிமையும் அப்படியேதான் இருக்கும்.

ஒதுக்கி வைப்பதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் மகாராஷ்டிரத்தில் 2016-ல் வந்தது. தமிழ்நாட்டில் இல்லை, அதனால் இங்கே வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். கட்டப் பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று 2011-ல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. அபராதம் கட்டு, காலில் விழு என்றால் உடனே போலீஸில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் உதவி ஆணையரிடம் மனு கொடுக்கலாம். பங்காளிகளின் தனிக் கோயில் என்றால் முன்சீப் கோர்ட்டில் உரிமையியல் வழக்குத்தான் வழி. ஆனால் ஜெயித்தாலும் யாரும் முகம் கொடுத்துப் பேசாத சிவராத்திரிதான் கிடைக்கும். அடுத்த மாசி வரை பொறுத்துப் பாருங்கள் என்பது என் யோசனை.

தாசில்தாரோ ஆர்டிஓவோ சமாதானக் கூட்டம் வைத்தால் போங்கள். ‘இனிமேல் இப்படிப் பேச மாட்டேன்’ என்று எழுதித் தரச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். 2015-ல் நாமக்கல்லில் எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் அவருடைய நாவலுக்காக இப்படி ஒரு கூட்டத்தில்தான் எழுதி வாங்கினார்கள். அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த ஒன்றரை வருடம் அவர் எழுத்துலகிலிருந்தே ஒதுங்கியிருந்தார்.

அனுபவம் போதாதா?

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: மாமியாரின் மூத்த பிள்ளை காய்ச்சலில் இறந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைக்கவில்லை, இரண்டாவது பிள்ளைக்கு அதே மாதிரி காய்ச்சல் வந்தபோது கோடாங்கி கயிறு கட்டினார், பிழைத்துக்கொண்டது. அந்தப் பிள்ளைதான் உங்கள் கணவர். மாமியாருக்கும் அது அனுபவம்தானே அம்மா? உங்களுடையதைப் போலவே உடம்பில் எழுதிய அனுபவம். ‘நான் அனுபவித்தேன், அதனால் உண்மை’ என்று நீங்கள் ஆரம்பித்தால் அவரும் அதையே சொல்வார். யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது.

அனுபவம் உங்களுக்குப் பேசுகிற உரிமையைக் கொடுக்கிறது. அது சரியா தவறா என்று காட்ட வேறு சான்று வேண்டும். உங்களிடம் அது இருக்கிறது: ஈஈஜி அறிக்கை, மருந்துச் சீட்டுகள், வலிப்பு வந்த தேதிகள், நின்ற தேதி. வலிப்பு உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் வரை முறையான மருந்தால் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கோர்ட்டிலும் இதுதான் பேசும், வீட்டிலும் இதைத்தான் பேசவிட வேண்டும். மகனின் அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிப் போங்கள். வாதாட வேண்டாம். டாக்டர் பேசுவதை அவர் உட்கார்ந்து கேட்கட்டும். கோயிலில் பூசை செய்வதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். கணவர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்பதும் அப்போது கொஞ்சம் விளங்கலாம். கயிறு கட்டிப் பிழைத்த பிள்ளை என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர் அவர்.

அந்தக் கூட்டத்தில் பேச்சில் வந்த இன்னொரு வீட்டுக் குழந்தை என்ன ஆனது என்று எழுதவில்லையே. விசாரியுங்கள். அந்தத் தாயிடம் தனியாகப் போய், மகன் சம்மதித்தால் ஈஈஜி அறிக்கையையும் கொண்டுபோய்ப் பேசுங்கள்.

வழக்கு, மெமோ என்று ஏதாவது எழுத்தில் வந்தால் காத்திருக்காமல் உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. ஸ்கிரீன்ஷாட்டுகளையும் மருத்துவக் காகிதங்களையும் ஒரே கோப்பில் தேதிவாரியாக வைத்துக்கொண்டு போனால் அவர்களுக்கும் வேலை சுலபம்.